மோனை, எட்டாம் மாதம் போ. ரெண்டாம் வருசம் போகாதை

மோனை, உன்ரை அறிக்கை கிடைச்சது. நல்ல வழுவழுப்பான தாள். அட்டையிலை தையல் மெசினுக்குப் பின்னாலை இருந்து சிரிக்கிற பிள்ளையின்ரை படம் வலு வடிவு. உள்ளுக்கை நூற்றுக்கு இத்தினை பேர் தொழிலிலை, இத்தினை பேருக்கு வருமானம் கூடிப்போச்சு எண்டு பெரிய எழுத்திலை போட்டு, வட்டம் வட்டமாக் கீறிக் கலரும் அடிச்சு வைச்சிருக்கிறாய். எனக்குக் கண் மட்டு. கம்பஸிலை பொருளியல் படிக்கிற பேத்திதான் வாசிச்சுக் காட்டினவள். அவள் வாசிக்க வாசிக்க நான் சிரிச்சனான் எண்டு கொம்மாவுக்குச் சொல்லிப்போடாதை. மனுசி தன்ரை மோன் கண்காணிப்பு மதிப்பீட்டு உத்தியோகத்தன் எண்டு கோயிலடி வரைக்கும் சொல்லித் திரியிறா.

உன்ரை உத்தியோகம் நிலைக்கவேணும் எண்டுதான் எனக்கும் ஆசை. அதாலை உந்தத் திட்டங்களிலை நல்ல பேர் எடுக்கிற வழியைச் சொல்லித் தாறன், கேள். வெங்காயம் நட்டுக் கிழண்டு போனவனுக்கு உது எப்பிடித் தெரியும் எண்டு நினைக்காதை. சண்டை முடிஞ்ச 2009க்குப் பிறகு எங்கடை ஒழுங்கையாலை எத்தினை வெள்ளை வாகனம் வந்து போச்சு எண்டு படலையிலை நிண்டு பார்த்தவன் நான். அதிலை வந்த கோழிக்குஞ்சும் ஆட்டுக்குட்டியும் மெசினும் பேந்து எங்கை போனது எண்டும் எனக்குத் தெரியும். குடுத்தவைக்குத் தெரியாது. அவை திரும்பி வாறேல்லை.

முதல் அலுவல் ஆக்களைப் பிடிக்கிறது. கிராம சேவகரிட்டைப் பட்டியல் கேளாதை, அவர் கஸ்ரப்பட்டதுகளின்ரை பேரைத் தந்து உன்ரை கணக்கைக் கெடுத்துப்போடுவார். மாதர் சங்கத் தலைவியிட்டைப் போ. ஆர் ஏற்கனவே சட்டை தைச்சுக் குடுக்கிறாள், ஆர் கூட்டத்துக்கு நேரத்துக்கு வருவாள், ஆர் வெளிநாட்டு ஆக்கள் வந்தால் கூச்சமில்லாமல் கதைப்பாள் எண்டு அவவுக்கு விரல் நுனியிலை இருக்கும். அதிலை நல்லதாப் பார்த்துப் பொறுக்கு. ஒரு வருசத்தாலை அவை முன்னுக்கு வந்து நிப்பினம். நீ வந்திராட்டிலும் அவை வந்துதான் இருப்பினம். அதை ஆர் கேக்கப் போறான்?

எங்கடை பக்கத்துக்கு முந்தி ஒரு விவசாயப் போதனாசிரியர் இருந்தவர். புதுப் பசளை ஏதும் வந்தால் என்ரை தோட்டத்திலைதான் போட்டுப் பாக்கிறவர். நான் ஒருக்காக் கிணத்தடிப் பக்கத்து வெங்காயப் பாத்தியளைக் காட்டி, "இதிலை போடுங்கோ ஐயா, நல்லா வரும்" எண்டன். மனுசன் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பாத்திக்குப் பாத்தி நம்பர் போட்டு, துண்டிலை எழுதிச் சுருட்டி, தன்ரை தொப்பிக்குள்ளை போட்டுக் குலுக்கி, ஒழுங்கையிலை விளையாடின சின்னப் பொடியனைக் கூப்பிட்டு எடுப்பிச்சார். கிணத்தடிப் பாத்தி பசளை இல்லாமலே விளையும் எண்டு அந்தாளுக்குத் தெரியும். இங்கிலாந்திலை ரொதம்ஸ்ரெட் எண்ட இடத்திலை 1920களிலை ரொனால்ட் பிஷர் எண்டவர் உண்டாக்கின முறையாம் அது, பேத்தி சொல்லுறாள். எங்களுக்கு அது கோயில் திருவுளச்சீட்டு. நீ மட்டும் கிணத்தடியை விட்டு அங்காலை போகாதை. நல்ல அறுவடை வரும்.

உது கஸ்ரப்பட்ட சனத்தின்ரை திட்டங்களுக்கு மட்டும் எண்டும் நினைக்காதை. பெரிய கந்தோருகளிலை ஊழியரின்ரை சுகத்துக்கு எண்டு திட்டம் நடத்தினமெல்லே? பிறசர் பாக்கிறது, நடக்கச் சொல்லுறது, நடந்தவைக்குக் காசு குடுக்கிறது. அமெரிக்காவிலை இல்லினோய் பல்கலைக்கழகம் 2016இலை தன்ரை ஊழியரிலை ஐயாயிரத்துக்குக் கிட்ட ஆக்களை எடுத்து, குலுக்கல் முறையிலை பிரிச்சு, ஒரு பகுதிக்கு மட்டும் இப்பிடி ஒரு திட்டத்தைக் குடுத்துப் பார்த்தது. அதிலை சேர்ந்தவையையும் சேராதவையையும் பக்கத்திலை பக்கத்திலை வைச்சுப் பார்த்தால், சேர்ந்தவைக்கு வைத்தியச் செலவு குறைவு, தேகப்பயிற்சி கூட. கைதட்டலாம். ஆனால் சீட்டு விழுந்தவை எல்லாரையும் விழாதவை எல்லாரோடையும் ஒப்பிட்டால், முதல் வருசத்திலை செலவிலும் வேலையிலும் சொல்லக்கூடிய வித்தியாசம் ஒண்டும் இல்லை. ஏனெண்டால் சேர்ந்தவை திட்டம் தொடங்கிறதுக்கு முந்தின வருசமே செலவு குறைஞ்ச ஆக்கள். ஓடுறவனுக்குத்தான் ஓட்டப் போட்டிக்குப் பேர் குடுக்கிற ஆசை. ஒரே இடம், ஒரே ஆக்கள், ரெண்டு விதமா எண்ணினால் ரெண்டு மறுமொழி. உன்ரை அறிக்கை எந்த விதத்திலை எண்ணினது எண்டு நான் கேக்கேல்லை. எனக்கு ஏன் வில்லங்கம்.

பேந்து உந்த முன்-பின் கணக்கு. "திட்டத்துக்கு முன் வருமானம் இவ்வளவு, பின் இவ்வளவு" எண்டு போட்டிருக்கிறாய். நல்ல கெட்டித்தனம். முன்கணக்கு 2022இலை எடுத்ததெல்லே? அந்த வருசம் புரட்டாதியிலை கொழும்பு விலைவாசிச் சுட்டெண் ஒரு வருசத்துக்குள்ளை 69.8 வீதம் ஏறி நிண்டது. ரெண்டு வருசம் கழிச்சுக் கேட்டால் ஆரின்ரை கூலிதான் ஏறியிராது? என்ரை தோட்டத்திலை புல்லுப் பிடுங்க வாற மனுசியின்ரை நாட்கூலியும் ஏறித்தான் கிடக்கு. அவவுக்கு நீங்கள் ஒரு நாள் பயிற்சியும் குடுக்கேல்லை. ஒரு தேங்காயின்ரை விலையையும் அந்த வட்டத்துக்குப் பக்கத்திலை எழுதியிருந்தால் வடிவு கெட்டிருக்கும், நீ எழுதாமல் விட்டது சரி.

இன்னும் கூட்டிக் காட்டவேணும் எண்டால், முன்கணக்கைக் கார்த்திகை மழைக்குள்ளை எடு, பின்கணக்கைப் பங்குனியிலை எடு. மழைக்குள்ளை கூலிக்காரனுக்கும் வேலையில்லை, மேசனுக்கும் வேலையில்லை. வெய்யில் எறிச்சவுடனை எல்லாருக்கும் உன்ரை திட்டத்தாலை விடிஞ்சிடும்.

இதிலை இன்னொரு சூட்சுமம் இருக்கு. பயிற்சிக்கு வாறவன் எப்ப வாறான்? விழுந்தவுடனை வாறான். வள்ளத்தின்ரை இஞ்சின் பழுதாகிக் கரையிலை நிக்கிறவன்தான் உன்ரை மேசன் வகுப்புக்குப் பேர் குடுப்பான். நாலு மாதத்தாலை இஞ்சினைத் திருத்திக்கொண்டு கடலுக்குப் போயிடுவான், வருமானம் பழையபடி வரும். அதை நீ மேசன் வகுப்பின்ரை கணக்கிலை ஏத்து. பிரின்ஸ்ரன் பல்கலைக்கழகத்து ஓர்லி அஷென்பெல்டர் எண்ட பொருளியல்காரர் அமெரிக்கப் பயிற்சித் திட்டங்களைப் பார்த்து, சேர்ந்தவையின்ரை உழைப்பு சேரிறதுக்குக் கொஞ்சம் முந்தித்தான் விழுந்து கிடந்தது எண்டு 1978இலையே எழுதிப்போட்டார். அந்தப் பள்ளத்துக்கு அவரின்ரை பேரையே வைச்சிருக்கினம். உன்ரை மேலாளர் வாசிச்சிருக்கமாட்டார், பயப்பிடாதை.

"உதெல்லாம் வெள்ளைக்காரன்ரை ஊர்க்கதை, பெரியையா" எண்டு நீ சொல்லுவாய். சரி, எங்கடை நாட்டுக்கு வருவம். பேராதனைப் பல்கலைக்கழகத்து சுரேஷ் டி மெல், உலக வங்கியிலை வேலை செய்த டேவிட் மக்கன்சி, கிறிஸ்ரோபர் வூட்ரப் எண்டு மூண்டு பேர். 2005இலை களுத்துறை, காலி, மாத்தறைப் பக்கத்துச் சின்னச் சின்னத் தொழில்காரரை எடுத்து, குலுக்கிப் பார்த்துச் சிலருக்குப் பத்தாயிரம், சிலருக்கு இருபதாயிரம் ரூபா குடுத்தவை. திருப்பித் தரத் தேவையில்லை. சிலருக்குக் காசாக, சிலருக்குச் சாமானாக. குடுத்திட்டுப் படம் எடுத்துக்கொண்டு போகேல்லை. மூண்டு மாதத்துக்கு ஒருக்கா, காசு கிடைச்சவன் வீட்டுக்கும் போய், கிடையாதவன் வீட்டுக்கும் போய், வருசக்கணக்காகக் கணக்கெடுத்தவை. போட்ட முதலுக்கு வருசத்துக்கு 55 வீதத்துக்கு மேலை பலன் வந்தது. வங்கி வட்டியை விட எவ்வளவோ கூட. கிடையாதவனின்ரை கணக்கும் கையிலை இருந்தபடியால்தான் அப்பிடித் துணிஞ்சு சொல்ல முடிஞ்சது.

அதிலை ஒரு முடிச்சு. ஆம்பிளையளின்ரை கடைக்குப் போன காசு குட்டி போட்டுது, பொம்பிளையளின்ரை தொழிலுக்குப் போன காசு சராசரியிலை ஒண்டும் போடேல்லை. உடனை உலகம் முழுக்க, பெண்களுக்கு முதல் குடுத்துப் பலன் இல்லையோ எண்டு கதை கிளம்பிச்சு. பத்து வருசத்தாலை, 2019இலை, வேறை நாலு பேர், நாலு பேரும் பெண்கள், இலங்கைக் கணக்கையும் இந்தியா, கானாக் கணக்குகளையும் எடுத்து வைச்சு வீட்டுக்குள்ளை எட்டிப் பார்த்தவை. வீட்டிலை அவள் ஒருத்தி மட்டும் தொழில் செய்யிற இடத்திலை அவளின்ரை காசும் ஆம்பிளையின்ரை காசு மாதிரித்தான் குட்டி போட்டிருக்கு. புருசனுக்கும் ஒரு தொழில் இருந்த வீட்டிலை அவளுக்குக் குடுத்த காசு அங்காலை கை மாறியிருக்கு. பேத்தி இதை வாசிக்கேக்கை, "உதுக்கு நாலு பேர் படிச்சுப் பட்டம் எடுக்கவேணுமே, என்னட்டைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பனே" எண்டு அடுப்படியிலை இருந்து உன்ரை பெரியம்மாவின்ரை குரல். நான் வாய் திறக்கேல்லை. என்ரை தண்ணி இறைக்கிற மெசின் அவவின்ரை சங்கிலியிலை வந்தது. அவவின்ரை கோழி வியாபாரம் அத்தோடை சரி.

அதாலை திருவுளச்சீட்டுப் போட்டாச்செண்டால் யோசிக்கிற வேலை முடிஞ்சுது எண்டும் இல்லை. ஆரின்ரை கணக்கை எண்ணுறாய், தனி ஆளையோ வீட்டையோ எண்டு பாக்கவேணும். பேந்து, அந்தக் காசு குடுத்த ஆராய்ச்சி தெற்கிலை 2005இலை தொடங்கினது. எங்கடை பக்கத்துச் சந்தை வேறை, எங்கடை வீட்டு வரவு வேறை. தெற்கிலை பலிச்சது இஞ்சையும் பலிக்கும் எண்டு எழுதினால் அதுவும் ஒரு புளுகுதான், என்ன, படிச்ச புளுகு.

இப்ப தலைப்பிலை சொன்ன சங்கதிக்கு வாறன். அதே டி மெல், மக்கன்சி, வூட்ரப் மூண்டு பேரும் கொழும்பிலும் கண்டியிலும் பெண்களுக்குத் தொழில் பயிற்சி குடுத்துப் பார்த்தவை. சர்வதேச தொழில் தாபனத்தின்ரை பாடத்திட்டம், நீங்களும் இஞ்சை மண்டபத்திலை மிக்சரும் தேத்தண்ணியும் வைச்சு நடத்திறியளே, அதே சாதிப் பயிற்சிதான். ஏற்கனவே தொழில் செய்யிறவையிலை ஒரு பகுதிக்குப் பயிற்சி மட்டும். இன்னொரு பகுதிக்குப் பயிற்சியோடை 15,000 ரூபாவும். பயிற்சி மட்டும் கிடைச்சவை கணக்குப் புத்தகம் எழுதிறதிலை கொஞ்சம் திருந்திச்சினம், லாபம் அசையேல்லை. காசும் சேர்ந்து கிடைச்சவைக்கு முதல் எட்டு மாதம் லாபம் நல்லா ஏறிச்சு. ரெண்டாம் வருசம் போய்ப் பார்த்தால் அந்த ஏற்றம் கரைஞ்சு போச்சு. புதிசாத் தொழில் தொடங்க இருந்தவைக்குத்தான் பயிற்சி கொஞ்சம் கை குடுத்தது. அவை கெதியாத் தொடங்கிச்சினம், தொடங்கின தொழிலிலை லாபமும் பரவாயில்லை. ஆனால் கடைசியிலை எண்ணிப் பார்த்தால் தொழில் வைச்சிருக்கிற ஆக்களின்ரை தொகை கூடேல்லை.

விளங்குதே? எட்டாம் மாதம் கமராவோடை போ. ரெண்டாம் வருசம் அந்த ஒழுங்கைப் பக்கமே தலை வைச்சுப் படுக்காதை. அப்பிடிப் போகவேண்டி வந்தாலும் முதல் நாள் போன் பண்ணிச் சொல்லிப்போட்டுப் போ. ரெண்டாம் வருசத்து மெசினை நான் பார்த்திருக்கிறன். சுவரோரம், பழைய சீலைத் துணியாலை போர்த்து, அதுக்கு மேலை பிள்ளையளின்ரை புத்தகப் பையும் அயன் பண்ணாத உடுப்பும். பக்கத்திலை ஒட்டின உங்கடை நிறுவனத்தின்ரை சின்னம் மட்டும் நிறம் மங்காமல் இருக்கும். நீ வாறாய் எண்டு தெரிஞ்சால் பையை இறக்கி, ஒரு துண்டுத் துணியை ஊசிக்குக் கீழை வைச்சிட்டு இருப்பாள் பிள்ளை. பாவம், அவளுக்கும் அடுத்த திட்டத்திலை ஒரு பேர் வேணுமெல்லே.

அவளின்ரை பிழையே அது? ஒரு ஒழுங்கைக்குள்ளை எல்லா வீட்டுக்கும் மெசின் குடுத்தால் ஆருக்கு ஆர் சட்டை தைக்கிறது? எங்கடை திருநெல்வேலிச் சந்தையடியிலை தைச்ச உடுப்புத் தொங்குது. புதிசா மெசின் எடுத்தவள் விலையைக் குறைச்சால், பத்து வருசமாய்த் தைச்சுச் சீவிச்ச மூலை வீட்டு மனுசியின்ரை வாடிக்கை போகும். உன்ரை அறிக்கையிலை ஒரு வேலை கூடிச்சு. அந்த மனுசிக்குப் போன வேலையை எழுத உன்ரை படிவத்திலை கட்டமே இல்லை. பிரான்சிலை புருனோ கிறெப்போனும் கூட்டாளிமாரும் படிச்ச இளம் ஆக்களுக்கு வேலை தேடிக் குடுக்கிற திட்டத்தை 235 பிரதேசங்களிலை குலுக்கிப் பார்த்து 2013இலை எழுதினவை. உதவி கிடைச்சவை முந்தி வேலை எடுத்தவை. எடுத்ததிலை ஒரு பங்கு உதவி கிடையாதவையின்ரை வாயிலை இருந்து பிடுங்கினது. வரிசையிலை ஒருத்தனை முன்னுக்குத் தள்ளினால் பின்னுக்கு ஒருத்தன் போறான்.

சம்பளத்திலை பங்கு குடுக்கிற திட்டம் கேள்விப்பட்டிருப்பாய். சின்னத் தொழில்காரர் ஒரு ஆளை வேலைக்கு வைச்சால் கொஞ்ச மாதத்துக்குக் கூலியிலை ஒரு பங்கை நாங்கள் தாறம் எண்டு. இலங்கையிலை அதையும் பார்த்தாச்சு. காசு வருமட்டும் ஆள் வேலையிலை இருந்தது. காசு நிண்டவுடனை ஆளும் நிண்டுது, லாபமும் கூடேல்லை. ஜோர்தானிலை கல்லூரி முடிச்ச பெண் பிள்ளையளுக்கும் இதே கதைதான். இதுக்கும் மருந்து எட்டாம் மாதத்து மருந்துதான், காசு குடுக்கிற காலத்துக்குள்ளை ஆளை எண்ணிப்போடு.

பின்கணக்கு எடுக்கேக்கை போனிலை அம்பிடாதவையை விட்டுப்போடு. ஆர் அம்பிடாதவை? தொழில் படுத்தவன், கடன்காரனுக்கு ஒளிச்சவன், வெளிநாட்டுக்கு ஏஜென்சிக்குக் காசு கட்டிப் போனவன். மிச்சம் அம்பிட்டவை எல்லாம் நல்லா இருக்கினம்.

உன்ரை வெற்றிக்கதைப் பிள்ளையைப் பற்றியும் ஒரு சொல். அவளின்ரை கடையிலை உங்கடை மெசினுக்குப் பின்னாலை ஒரு ஓவர்லொக் மெசினும், கண்ணாடி அலுமாரியும் இருக்கு. படத்திலை வெட்டிப்போட்டியள். அது ரொறன்ரோவிலை இருக்கிற தமையன் அனுப்பின காசு. தமையன் எந்தத் திட்ட அறிக்கையிலும் வாறேல்லை, பாவி.

மக்கன்சி 2017இலை வளர்ந்து வாற நாடுகளிலை நடந்த கனக்க ஆராய்ச்சியளைச் சேர்த்துப் பார்த்து ஒரு கணக்குச் சொன்னவர். நூறு பேருக்குத் தொழிற்பயிற்சி குடுத்தால், மற்றும்படி வேலை கிடைச்சிராத மூண்டு பேருக்கும் குறைவானவைக்குத்தான் அதாலை வேலை கிடைக்குது. மூண்டு பேர் எண்டாலும் மூண்டு பேர்தான், நான் நக்கல் அடிக்கேல்லை. அறிவியல்நகரிலை ஜேர்மன் பயிற்சி நிலையத்திலை படிச்சு வெளிக்கிட்ட பொடியள் ரெண்டு பேர் எங்கடை பக்கத்திலை இருக்கிறாங்கள், கையிலை தொழில் இருக்கு. ஆனால் நூறு பேரின்ரை செலவை மூண்டாலை பிரிச்சுப் பார்க்கிற ஒரு ஆளை உங்கடை கந்தோரிலை காட்டு பாப்பம்.

"அப்ப ஒண்டும் குடுக்கவேண்டாமோ, பெரியையா?" எண்டு கோவிக்காதை. 1990இலை வலிகாமம் வடக்கை விட்டு வெளிக்கிட்டு, இருபது, இருபத்தைஞ்சு வருசத்தாலை பத்தைக் காட்டுக்குத் திரும்பி வந்து கூரை இல்லாமல் நிண்ட சனத்துக்குக் கோழி குடுத்தவை புண்ணியவான்கள். முட்டை பிள்ளையளின்ரை வயித்துக்குப் போச்சு. உதவியை உதவி எண்டு எழுதினால் ஒருத்தருக்கும் வெக்கமில்லை. அதைத் "தொழில்முனைவோர் உருவாக்கம்" எண்டு எழுதேக்கைதான் எனக்குச் சிரிப்பு வாறது. அப்பிடி எழுதினபடியால்தான் அடுத்த வருசமும் அதே மெசின் வருகுது. காங்கேசன்துறைச் சீமெந்து ஆலை மாதிரி வேலை குடுக்கிற இடத்தைப் பற்றி உங்கடை அறிக்கையிலை ஒரு வரியும் இல்லை.

திரும்பிப் போய்ப் பார்த்தவையும் இருக்கினம். கொழும்பிலை இருக்கிற வறுமை ஆராய்ச்சி நிலையம் யாழ்ப்பாணம், மன்னார், திருகோணமலை எண்டு மூண்டு மாவட்டத்திலை 2012இலை கேட்ட வீடுகளுக்கே 2015இலை திரும்பப் போய்க் கேட்டது. அந்த மூண்டு வருசத்திலை சீவியம் எப்பிடி மாறிச்சு எண்டு வீடு வீடாகப் பாக்கிறதுக்கு. அது உன்னாலும் ஏலும். பெரிய படிப்பு வேண்டாம், கால் வேணும்.

வாற மாதம் எங்கடை ஊருக்கு இன்னுமொருக்கா மெசின் வருகுதாம் எண்டு சங்கக் கடையடியிலை கதை. குடுக்கிற மெசினை விடப் பேர் குடுத்தவை கூடவாம். எப்பிடியும் எல்லாருக்கும் குடுக்க ஏலாது. தலைவியிட்டைப் போகாமல் கோயில் மண்டபத்திலை எல்லாரையும் இருத்தி, எல்லாற்றை கண்ணுக்கு முன்னாலும் திருவுளச்சீட்டுப் போடு. விழாதவையின்ரை பேரையும் விலாசத்தையும் எழுதி வை. ரெண்டு வருசத்தாலை ரெண்டு பகுதி வீட்டுக்கும் போய் ஒரே கேள்வியைக் கேள். மூலை வீட்டு மனுசியிட்டையும் கேள். அந்த நேரம் அவை சொல்லுறது எதுவோ அதை அப்பிடியே எழுது. சீட்டுச் சுருட்டக் கை காணாட்டி எனக்குச் சொல்லிவிடு, நான் வாறன்.